ஆறட்டும்

நான் போய்ச் சேர்ந்தபோது
வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.
அதன் புகை பனியின் மேல்
ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது.
"குளிரில் நீங்கள் சிரமப்படக் கூடாதே என்று..."
கையுறையைக் கழற்றிக் கைகொடுத்தார்
லியனார்ட் சாவ்சுக்.
நல்ல மனிதர்தான்.
அந்தக் கரிசனம்தான் உறுத்தியது.

எழுநூறு குதிரை.
கிராண்ட் ப்ரெய்ரியில் அவை ஓட
சரளைச் சாலை உண்டு,
குறுக்கே பாயும் மான் உண்டு,
அப்புறம் பனி.
இருந்தும் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டேன்,
சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது பாருங்கள்,
என் நாற்பத்தாறு வயதும்
சீட்டோடு அப்பிக்கொண்டது.
வாங்கு என்றது முதுகெலும்பு.
பொறு என்றது காது.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது ஐம்பத்தெட்டாயிரம் டாலர்.
கம்பெனி கொடுத்த உத்தரவாதம்
போன மார்ச்சோடு முடிந்தது.
என் தவணை முடிய எண்பத்து நான்கு மாதம்.
அதற்குள் எது முதலில் போகும்,
கியர்பாக்ஸா, என் முழங்காலா,
பேங்க்காரனுக்குக் கவலையில்லை.

எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்துப் பிழைக்கிறவள் நான்.
இரும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்:
சூடேறினால் விரியும்,
விரிந்தால் கீறல் மூடிக்கொள்ளும்.
சூடான இன்ஜின்
ராத்திரி அழுததைக்
காலையில் மறந்துவிட்ட குழந்தை மாதிரி.

"நாளைக் காலை ஆறுக்கு வருகிறேன்.
ராத்திரி ஹீட்டர் வயரைச் செருக வேண்டாம்."

அவர் சாலையைப் பார்த்தார்.
சாலையில் ஒன்றுமில்லை.
"சரி" என்றார்.

அன்றிரவு கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டேன்.
லிஃப்டர், மேனிஃபோல்ட், வாட்டர் பம்ப்,
பெல்ட் ஒன்றுக்கே ஒரு வார வாடகை.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவது
இப்படித்தான் தொடங்கும்.
தம்பி டார்சி போனில் சொன்னான்,
"கொரின், வாழ்க்கை ஒரு தடவைதான்."
அவன் இரண்டு பிக்கப்பை பேங்க்குக்குக் கொடுத்தவன்.
வெளியே என் பழைய வண்டி,
நாலு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்.
ஹீட்டர் இடது காலுக்கு மட்டும் வேலை செய்யும்.
இந்தப் பன்னிரண்டு வருஷத்தில்
ஒருநாள் கூட என்னை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.
அதற்காக அதை யாரும்
திரும்பிப் பார்த்ததுமில்லை.

மைனஸ் முப்பத்தொன்று.
வயர் சுருட்டி ஆணியில் தொங்கியது,
சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.
பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன்,
தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.
சாவியை அவரே திருப்பினார்.

டிக்
டிக் டிக்
டிக் டிக் டிக் டிக்

யாரோ உள்ளேயிருந்து
நாணயத்தால் தட்டுவது போல.
எண்ணினேன்.
நூற்றுச் சொச்சத்தில் மங்கியது,
பிறகு இல்லை.
பிறகு வெறும் உறுமல்,
நேற்றைய அதே அழகு.

"எட்டாவது சிலிண்டர்," என்றார்.
"பின்பக்கத்து போல்ட். இரண்டு வருஷமாக.
தினமும் காலையில் தனியாகக் கேட்பேன்.
நின்றதும் வேலைக்குப் போய்விடுவேன்."
பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.
ஆயில் மாற்றிய தேதிகள், பென்சிலில்,
ஒன்றுகூட விடாமல்.
போல்ட்டைப் பற்றி ஒரு வரியில்லை.

உடைந்த போல்ட் என் தொழில்தான்.
முறிந்த தலையில் ஒரு நட்டைப் பற்றவைத்து,
சூடு இறங்குமுன் திருகினால் வந்துவிடும்.
இருநூறு டாலர் வேலை,
நானே செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
சத்தம் போடுகிறதை எனக்குப் பயமில்லை.
அதோடு சேர்ந்து
சத்தமே போடாமல் உட்கார்ந்திருப்பவை எத்தனை?

"எடுத்துக்கொள்கிறீர்களா?"
அவர் மூச்சு எங்கள் நடுவே வெள்ளையாக நின்றது.

அணையுங்கள் என்றேன்.
ஆறட்டும்.
இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

அணைத்தார்.
உள்ளே போய் காபி போட்டார்.
ஜன்னலருகே இருவரும் நின்றோம்,
ஒரு இரும்பு குளிர்வதைப் பார்த்தபடி.