கிழித்தவர்

சிலிம் ரிவர் ரயிலடிக்கு எதிரே
லேமினேட் கடை வைத்திருக்கிறேன்.
பிறப்புப் பத்திரம் மூன்று வெள்ளி,
கல்யாணப் படம் ஐந்து,
சாமி படத்துக்குக் காசு வாங்குவதில்லை.
ஊரையே பிளாஸ்டிக்குக்குள் போட்டவன்
சுவரொட்டிகளை மட்டும் போடமாட்டேன்.
ஏன் என்று கேட்பவர்களிடம்
புழுங்கிச் செத்துவிடும் என்பேன்.

பின்கட்டில் இரும்பு அலமாரி.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெள்ளைத் தாள்.
மாதம் ஒருமுறை வெளியே எடுத்து
காற்றாடிக்குக் கீழே பரப்பி வைக்கிறேன்.
பூச்சிக்குத் தெரியும் எது ருசி என்று.
எழுத்தைத் தொடாது,
பின்னால் காய்ந்திருக்கும்
மரவள்ளிக் கூழைத்தான் தின்னும்.
அதைக் காய்ச்சியவள் தனபாக்கியம்,
லயத்து அடுப்பில்,
ரசம் கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்திலேயே.
துத்தம் ஒரு சிட்டிகை போடு என்பேன்.
அவள் மறந்த இரவுகளை எல்லாம்
பூச்சி கண்டுபிடித்துவிட்டது.

என்னிடம் இருந்தவை ஆறு.
"மாதச் சம்பளம் பிச்சையல்ல" –
'பிச்சை' இருந்த இடத்தில் மழை.
"மருந்தடிக்கும் கைக்கு உறை எங்கே?" –
பம்பு தூக்கிய பெண்ணுக்குத் தலையில்லை.
ஆ குவாய் அச்சுக்கூடத்தில்
அன்று சிவப்பு மை தீர்ந்துபோய்,
இடுப்புக்குக் கீழே அவள் ஊதா.
மற்றவை துண்டுகள்: ஒரு முஷ்டி,
ஒரு தேதி,
'தோழர்களே' என்பதில் 'களே'.

போன செவ்வாய்க்கிழமை பிலோமினா வந்தாள்.
அப்பாவின் இறப்புப் பத்திரம், லேமினேட்.
கூடவே ஒரு மைலோ பெட்டி.
"இது உங்களுக்குத் தேவைப்படுமாம்.
சொல்லிட்டுப் போனாரு."

இருபத்து மூன்று.
முழுசு முழுசாய்.
ஈரத்துணி வைத்து ஊறவிட்டு,
சுவருக்கும் நோகாமல் உரித்தவை.
ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டியவை
வீட்டுக்குப் போயிருக்கின்றன.
பின்பக்கம் பென்சிலில், மலாய் மொழியில்,
சாய்ந்த கையெழுத்து:
தபால் நிலையச் சுவர், விடிகாலை 4.10.
கள்ளுக்கடைத் தட்டி, நல்ல மழை.
ஒட்டியவர்: அடையாளம் தெரியவில்லை.
இருபத்து மூன்றிலும்
அடையாளம் தெரியவில்லை.

கோப்ரல் தேவசகாயத்துக்கா தெரியாது?
மூன்றாம் லயத்தில் எந்த நாய்
எதற்குக் குரைக்கும் என்பதுவரை தெரிந்த ஆள்.
ஓர் இரவு இதே ரயிலடியில்
அவருடைய டார்ச் எங்கள்மேல் விழுந்தது.
தனபாக்கியத்தின் முழங்கைவரை கூழ்.
எனக்கு வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.
வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு தண்டவாளத்தைப் பார்க்கப் போய்விட்டது.

நல்லவர் என்று எழுதிவிட முடியாது.
பெரட்டுக்களத்தில் என் தம்பியின்
இடது காதைச் செவிடாக்கியது அதே கை.
தனபாக்கியத்துக்குச் சீட்டுக் கிழிந்ததற்கு
போலீஸ் சாட்சி வேண்டியிருக்கவில்லை.
கிராணிக்கு அவள் நகக்கண்ணில்
காய்ந்திருந்த மாவு போதுமாயிருந்தது.
ஜொகூர் பக்கம், ஏதோ கையுறைத் தொழிற்சாலை என்றார்கள்.
கையுறை.
சிரிப்பதா என்று இன்றும் தெரியவில்லை.

என் பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
என்ன, எங்கே, எப்போது, ஒட்டியவர்.
இருபத்து மூன்று வரியிலும்
அவள் பெயரை முழுசாக எழுதினேன்.
என் பெயரை எழுதக் கை கூசியது.
எழுதினேன்.
அந்தப் பென்சில் வரிமேல்
ரப்பரைக் கொண்டுபோய் வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
பிறகு அளவுகோல் வைத்து
ஐந்தாவதாக ஒரு கட்டம் இழுத்து
தலைப்பில் எழுதினேன்: கிழித்தவர்.

வாசலில் ஒரு பையன்
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
ஐசியை நீட்டினான்.
"அண்ணே, ஒரு காப்பி.
ரெண்டு பக்கமும் வேணும்."