குளிர்ந்த எஞ்சின்

போனட் மேல் உள்ளங்கையை வைத்தாள் செனியா.
வெதுவெதுப்பு.
"நான் வருமுன்பே ஓட்டிவிட்டீர்கள்."
ரசிம் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
ஸெனிட்ஸாவிலிருந்து த்ராவ்னிக்,
அங்கிருந்து போஸ்னிய மலையேறிப் பள்ளிக்கூடங்கள்.
ஒரு பியானோவுக்குக் கிடைப்பதில்
பாதியைப் பெட்ரோல் குடித்துவிடுகிறது.

இது டீசல். முப்பத்தைந்து வயது.
நூறு கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர் என்கிறான்.
ஓடிய தூரம் காட்டும் எண்கள்
ஒருமுறை முழுதாய்ச் சுற்றி
மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பியவை
(இரண்டு முறையோ, யார் கண்டது).
கணினி இல்லை. தானாய் இறங்கும் கண்ணாடி இல்லை.
கெட்டுப்போக இதில் அதிகம் இல்லை,
அந்த ஒரு வசதிதான் அவளுக்குப் பிடித்தது.

"நாளை விடியலில் வருகிறேன். தொடக்கூடாது."

மைனஸ் பதினொன்று.
சாவியைப் பாதி திருப்பிக் காத்திருந்தாள்
மஞ்சள் விளக்கு அணையும்வரை.
முதல் முறை, இருமல்.
இரண்டாவது, நீண்ட, வெட்கங்கெட்ட இருமல்.
மூன்றாவதில் புகை கக்கி
பக்கத்து வீட்டு நாயை எழுப்பி
நான்கு சிலிண்டரும் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன,
ஒத்திகைக்குத் தாமதமானவர்கள் போல.

கண்ணை மூடிக் கேட்டாள்.
ஒன்று மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது.
மற்றவை பொய் சொல்லவில்லை.

"எப்போதும் மூன்றாவதில்தான்," என்றான் ரசிம்.
"பத்து வருடமாய் அப்படித்தான்.
வாங்க வருகிறவர்கள்
இரண்டாவதிலேயே போய்விடுகிறார்கள்."

விலையில் இருநூறு மார்க் குறைத்தாள்.
இருமலுக்கு அல்ல,
நேற்றைய சூட்டுக்கு.