முன்சக்கரம் வெளியே

பகலில் நான் லாரிகளை எடை போடுகிறேன்.
வேலந்தாவளம் தாண்டி இரண்டாவது எடைமேடை.
கோழித்தீவனம், இளநீர், சில நாள் செங்கல்.
சரக்கோடு இவ்வளவு, காலியாக இவ்வளவு,
கழித்தால் மிச்சம்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் அறுபது ரூபாய்.

ராத்திரி, தட்டைக்கூடக் கழுவாமல்
படம் பார்க்க உட்காருவோம்.
கடவுச்சொல் கோயம்புத்தூரில் படிக்கும் கௌசிக்குடையது.
இணையம் பக்கத்து வீட்டு ஷைனி டீச்சருடையது.
அதனால் டீச்சரும் வருவார்,
நேந்திரங்காய் வறுவலோடு, சொந்தத் தலையணையோடு.

திங்கள்கிழமை பார்த்தது மலையாளம்.
ஒருவன் குடையைத் தொலைத்துவிட்டு
இரண்டு மணிநேரம் தேடுகிறான்.
கிடைத்ததா என்று கடைசிவரை சொல்லவில்லை.
டீச்சர் மூக்கைச் சிந்தினார்.
வீட்டுக்காரர், "முந்நூறு ரூபா,
கொழிஞ்சாம்பாறையில புதுசே வாங்கியிருக்கலாமுங்க" என்றார்.
எனக்குப் பிடித்தது.
அந்த மழை நிஜமாகவே நனைத்தது.
கழற்றிப் போட்ட செருப்பில் தண்ணீர் நின்றது.

புதன்கிழமை தமிழ்.
நாயகன் மெதுவாக நடந்த இடங்களை எண்ணினேன்.
பதினொன்று.
அத்தனையும் சாதாரணமாக நடந்திருந்தால்
பால் காய்வதற்குள் படம் முடிந்திருக்கும்.
அம்மாவாக வந்தவளுக்கு
மகனைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம்.
ஆனால் அந்தத் திருவிழாச் சண்டையில்
கூட்டத்தில் ஒரு பெரியவர்
அரிவாள் பக்கமே திரும்பாமல்
குச்சி ஐஸ் சப்பிக்கொண்டு நின்றார் பாருங்கள்,
அவருக்காக இன்னொரு தரம் பார்க்கலாம்.

ஞாயிறு, தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது.
டிராக்டர் ஆற்றைத் தாவுகிறது.
ஆடி மாசத்துக் கணவாய்க் காற்றில்
எங்கள் மாட்டுக்கொட்டகைத் தகரம் பறந்ததுண்டு, சரி.
டிராக்டர் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோ.
எனக்குத் தெரியாதா?
வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றாமல் தூங்கிவிட்டார்.
கழற்றிவிட்டுத் தூங்கினால் படம் மோசம்.
கழற்றாவிட்டால், பார்க்கத்தான் நினைத்தார், முடியவில்லை.

சிரிப்பு டீச்சருக்கு முதலில் வரும்.
எனக்கு அடுத்தது.
வீட்டுக்காரருக்கு நான் விளக்கிச் சொன்ன பிறகு.
தமிழ்ப் படமென்றால் இதுவே திரும்பி வரும்,
ஆனால் அவர் மட்டும் அப்போதும் கடைசி.

ஒன்று கவனித்திருக்கிறேன், சொல்லலாமா தெரியவில்லை.
மலையாளப் படத்தில் கத்தி வைத்திருப்பவன் தமிழ் பேசுகிறான்.
தமிழ்ப் படத்தில் டீ ஆற்றுகிறவர் மலையாளம் பேசுகிறார்.
இந்த வீட்டில் டீ போடுவது நான்.
இருப்பது ஒரே கத்தி, பிடி ஆடும்,
அதில் பலாக்காய் நறுக்கத் தெரிந்தது டீச்சருக்கு மட்டும்தான்.
அந்த மாதிரிக் கட்டங்களில்
நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதில்லை.
வறுவல் டப்பா என் பக்கம் நகரும்.
நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பேன்.

நேற்றைய படத்தை ஊரே புகழ்கிறது.
டீச்சரின் பள்ளிக்கூடத்தில் அதே பேச்சாம்.
ஒரு கொலை, ஒரே ஒரு துப்பு:
சட்டைப்பையில் நனைந்துபோன எடைச்சீட்டு.
காட்டினார்கள் பாருங்கள் ஒரு எடைமேடை!
என்னைப் போல ஒருத்தி.
கம்பி போட்ட சன்னல், தூசி படிந்த கணினி,
மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில்கூட இருந்தது.
லாரி ஏறி நிற்கிறது.
அவள் பட்டனைத் தட்டுகிறாள்.

எழுந்து நின்றுவிட்டேன்.
"முன்சக்கரம் வெளியே நிக்குது!"

படத்துக்குள் யாருக்கும் கேட்கவில்லை.
இரண்டு டன்னாவது குறையும் அந்தப் பொய் எடையை வைத்து
ஒருவனைப் பிடித்தார்கள்.
உட்கார வைத்தார்கள், அடித்தார்கள்.
அவன் தமிழில்தான் அழுதான்.

டீச்சர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார்.
நிறுத்தினார்.
முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.
"அதே," என்றார், "வெளியிலாணல்லோ."

நின்றுபோன அந்தச் சக்கரத்தை
மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வீட்டுக்காரர்தான் கேட்டார்:
"அப்புறம் கொன்னது யாருங்க?"