அந்தப் பக்கத்து விரல்

பிரிஸ்டலில் எங்கள் கடைத்தெருவை
நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது மாநில எல்லை.
தாரில் பதித்த பித்தளைத் தகடுகள்.
இந்தச் சாரி வர்ஜீனியா, எதிர்ச் சாரி டென்னசி.
நாய்கள் தாண்டுகின்றன, மழை தாண்டுகிறது,
மாதா கோயில் மணிச்சத்தம் தாண்டுகிறது.
என் லைசென்ஸ் மட்டும்
பித்தளையைக் கண்டதும் நின்றுவிடுகிறது.

இங்கே நூற்றைம்பது மணிநேரம் படித்து வாங்கியது.
அங்கே அறுநூறு வேண்டும்.
ஒரு ஞாயிறு கடையடைத்த பின்
தெருவை அடி வைத்து அளந்தேன்: இருபத்தாறு எட்டு.
எட்டு ஒன்றுக்குப் பதினேழு மணிநேரம்,
சில்லறை தனி.

நகமும் சதையும் மாதிரி இரண்டு ஊர்கள் என்று
விழா மேடையில் பேசுகிறார்கள்.
எனக்கு வேலையே நகத்துக்கும் சதைக்கும் இடையில்.
அங்கே என்னென்ன சேரும் என்று
எனக்குத் தெரியும்.

டெட் புத்தாண்டுக்குப் போனில் கூடும்போது
எங்கள் வீட்டில் இதுதான் சூதாட்டம்.
பாஸ்டன் சித்தி நூறு மணி என்று சீட்டை இறக்குவாள்.
அலபாமாவிலிருந்து மைத்துனன் த்ருக்
எழுநூற்றைம்பது என்பான், தோற்றவன் குரலில்.
கனெக்டிகட்டில் வெகுகாலம் காகிதமே கேட்கவில்லை.
சட்டம் வந்ததும் நாத்தனார்
பதினோரு வருடமாகச் செய்யும் வேலைக்கு
அனுமதி கேட்டு எழுதினாள்.
யாருடைய ஊரிலும்
யாருக்கும் பதினோரு விரல் இல்லை.

மணிக்கணக்கை நான் பழிக்கமாட்டேன்.
கால்தொட்டியில் மருந்து பத்து நிமிடம் நிற்கவேண்டும்,
ஒன்பது போதாது என்று
ஏதோ ஒரு மணிநேரத்தில்தான் கற்றேன்.
வெர்லீனின் கட்டைவிரல் நகத்தில்
பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு.
பாலிஷ் போடாமல் டாக்டரிடம் அனுப்பினேன்.
அந்த நகம் போயிற்று. வெர்லீன் இருக்கிறாள்.
அது நூற்றைம்பதில் இருந்த பாடமா,
அறுநூறில் இருக்குமா, தெரியாது.
அன்றிலிருந்து அவளுக்கு ஒன்பது நகத்துக்குத்தான்
காசு வாங்குகிறேன். சண்டை போட்டுப் பத்துக்குத் தருவாள்.

ஜனவரியில் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து தேறிய சமயம்.
எதிர்ச் சாரியில், சகோதரியின் மாடியில் இருந்தாள்.
கார்க் கதவில் மோதிரவிரல் நகம் பிய்ந்துவிட்டது,
உள்ளன் கையுறையில் மாட்டி உயிர் போகிறது என்றாள்.
அரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
பதின்மூன்றாம் எட்டில் கால் நின்றது.
அந்தப் பக்கமிருந்து அவள்
நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு
பனிச்சேற்றில் வந்து, கையை நீட்டினாள்.

விரல் டென்னசியில். அரம் வர்ஜீனியாவில்.
உதிர்ந்த தூள் எந்தப் பக்கம் போயிற்றோ,
காற்றைக் கேட்கவேண்டும்.
ஒரு சரக்கு லாரி பொறுமையாக நின்றது.
போலீஸ்காரர் ஒருவர் வந்து
முதலில் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்,
தான் எந்த ஊர் போலீஸ் என்று.
பிறகு லாரியை அனுப்பிவிட்டு,
“சீக்கிரம், மேடம்” என்றார்.

கடைக்கு வெளியே அரம் எடுப்பதே
இரண்டு பக்கமும் தப்பு என்பது
படுத்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச்சில் இந்தக் கடைக்கு வாடகை ஏறியது.
எதிரே செருப்புக்கடை காலி, வடக்குச் சன்னல், நல்ல வெளிச்சம்.
என் பதினான்கு வருடத்தை எத்தனை மணியாக
எண்ணுவார்கள் என்று எழுதிக் கேட்டேன்.
பதிலாக இன்னொரு படிவம் வந்தது.
சரி, படித்துவிடுகிறேன்.
மீதி நானூற்றைம்பது, வாரம் இருபதாக,
ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல்.
ஒரு நகம் அடியிலிருந்து நுனிக்கு வந்துசேர
கிட்டத்தட்ட அதே காலம்.
இன்று என் விரல்களில் இருப்பவை எதுவும்
பரீட்சைக்கு வராது.

முதல் நாள். ஆசிரியைக்கு என் மகன் வயது.
அரத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறாள்.
கொஞ்சம் தவறாகத்தான் பிடிக்கிறாள்.

“தோவா, நீங்கள் செய்யுங்கள்” என்கிறாள்.
அவள் பிடித்தபடியே பிடிக்கிறேன்.
நோட்டில் குறித்துக்கொள்கிறாள்:
ஒரு மணிநேரம்.