திரையில்லாத ஜன்னல்

காமோஸ் என்று சொல்வோம் இங்கே,
ஐந்து வாரம் சூரியன் தலைகாட்டாத காலத்தை.
மதியம் இரண்டு மணிக்கே
ஆறு எது, கரை எது என்று தெரியாமல் போகும்.
அந்த இருட்டில்
ஜன்னல் வெளிச்சத்தை வைத்துத்தான்
இன்னார் வீடு என்று சொல்ல முடியும்.

என் ஜன்னலுக்குத் திரையில்லை.
பூப்போட்ட துணியைத் தொங்கவிடுவது
கண்ணுக்குப் போடும் தீனி என்பார்கள்
எங்கள் சபையின் பழைய ஆட்கள்.
அவர்கள் போனதும்
ஒவ்வொருத்தியாக மாட்டிவிட்டாள்.
முதலில் லெம்பி, கொசுவலை மாதிரி மெல்லியதாக ஒன்று.
பிறகு இர்யா. சிவப்பு.
பெரிய பெரிய பாப்பிப் பூக்கள்.

இர்யாவிடம் நேரில் போய்ச் சொன்னேன்.
காப்பி ஊற்றிக் கொடுத்தாள், தொடவில்லை.
"உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தேன்.
(அப்படி ஆரம்பிக்கும்போது என் குரல் இனிக்கும்.
எனக்கே தெரியும்.)
அவள் பேசாமல்
மேஜையில் சிந்திய சர்க்கரையை
விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.
புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் அது.
அழுவதற்கு ஒரு மறைப்பு வேண்டியிருந்திருக்கும்
என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இரவு ஒன்பதுக்கு முழங்காலிடுவேன்.
சமையலறையில், விளக்கடியில், ஜன்னலைப் பார்த்து.
ஒன்பதேகாலுக்குத் தைஸ்தோவின் பனிவண்டி
தெருவை வழித்துக்கொண்டு வரும்.
என் வீட்டு வளைவில் வேகம் குறையும்.
அதன் மஞ்சள் விளக்கு சுவரில் சுழலும்.
அப்போது என் முதுகு தானே நிமிரும்.
கூப்பிய கை இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்.
இதை நான் கவனித்ததில்லை என்றால்
அது பொய்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால்,
மைனஸ் முப்பத்தெட்டு,
எங்கோ கம்பி அறுந்து
ஊர் முழுக்க மின்சாரம் போனது.
ஜெபத்தின் நடுவில் இருந்தேன்.
இர்யாவுக்காக. அவள் மனந்திரும்ப வேண்டுமென்று.
விளக்கு போனது,
வார்த்தையும் போனது.
துழாவிப் பார்த்தேன், அடுத்தது வரவில்லை.
குளிர்பெட்டி முனகி அடங்கியது.
ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை.
என்னை யாரும் பார்க்கவில்லை
என்ற ஒன்றைத் தவிர
எனக்குள் எதுவும் இல்லை.
யாரும் என்றா நினைத்தேன்?
அப்படியென்றால்
இத்தனை வருஷம் யாருக்கு முன்னால்?

கதவு தட்டினார்கள். இர்யா.
கையில் மண்ணெண்ணெய் விளக்கு, தோளில் மடித்த துணி.
"உங்க ஜன்னலில் குளிர் நேரா இறங்குமே" என்றாள்.
ஆணியைச் சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருந்தாள்.
பாப்பிப் பூக்கள்.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்,
"விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க" என்றாள்.
பிடித்தேன்.

பிறகொரு நாள் கடையில் தைஸ்தோ.
உன் வண்டி ஏன் அந்த வளைவில் மெதுவாகிறது
என்று கேட்டேன்.
"பனிக்கடியில் பள்ளம்" என்றான்.
என் ஜன்னலில் என்ன தெரியும்?
"எந்த ஜன்னல்?"

இப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஜெபம்.
திரை மூடியிருக்கிறது.
பனிவண்டி போகிறது, போகட்டும்.
நன்றாகத்தான் இருந்தது இரண்டு வாரம்.
நேற்று, ஆமென் சொல்லும் முன்,
உள்ளே ஒரு குரல், இனிப்பாக:
இந்த ஆற்றங்கரை முழுக்க
இருட்டில் ஜெபிப்பவள்
நீ ஒருத்திதான்.