காலடியில் ஒரு கறுப்பு வட்டம்

முதல் பதிப்பில் வெயில் இல்லை.
வெளிச்சம் இருந்தது,
எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
ஜாலான் பர்மா கடைவீட்டின் மேல்மாடி,
மூன்று மேசை, தலையாட்டும் ஒரு மின்விசிறி,
ஹஃபிஸுடின் வரைந்த படகுத்துறை.
அதில் நடந்தவர்கள் யாருக்கும் கால் பாவவில்லை.
பேய் மாதிரி இருக்கு, என்றாள் சுவீ லியான்.
அன்றிரவே ஆளுக்கொரு கறுப்பு வட்டம் வெட்டி
காலடியில் ஒட்டினேன்.
பதினொரு வரி நிரல்.
எல்லாரும் தரைக்கு வந்தார்கள்.

தூரத்தை வரைய வக்கில்லை அப்போது.
நூறு மீட்டருக்கு அப்பால் மூடுபனி போட்டு மூடிவிட்டேன்.
பினாங்கு மலையையே இறக்கிவிட்டாய் என்றார்கள்
விளையாடியவர்கள்.
நான் மறுக்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் அசல் நிழல்.
சூரியன் இருக்கும் இடத்தில் போய் நின்று
ஒருமுறை பார்.
அங்கிருந்து தெரியாததெல்லாம் இருட்டு.
சொல்ல எளிது.
ஓட்டிப் பார்த்தால் சுவரெல்லாம் வரிவரியாய்ப் பரு.
கொஞ்சம் தள்ளி வைத்தால் பரு மறையும்,
நிழல் காலைவிட்டுக் கழன்று
பக்கத்தில் தனியாக நிற்கும்.
இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேடியதில்
அந்த வருடத் தீபாவளி போயிற்று.
சுழியம் புள்ளி சுழியம் சுழியம் ஐந்து.
ஏன் அது என்று இன்றும் தெரியாது.
அதைத் தொடாதே என்று மட்டும்
பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
எங்களுக்கு மில்லிவினாடியில் தெரிந்தது.
நிழலுக்கு நான்கு.
ஒரு ஃபிரேமுக்கு மொத்தமே பதினாறு.

பிறகு தண்ணீர்.
நீலத்தை எடு, என்றாள் சுவீ லியான்,
வெல்ட் கீ கடல் எந்த நாளில் நீலம்?
ஃபெரியில் நான்கு முறை போய்த் திரும்பி
நிறம் பிடித்து வந்தோம்,
பாத்திரம் கழுவிய தண்ணீரில் கொஞ்சம் பச்சை.
பிரதிபலிப்பும் வந்தது, பாதி உண்மையாக.
திரையில் இருப்பது மட்டும்தான் நீரில் விழும்.
தலையைக் குனிந்தால்
கொம்தார் கோபுரம் அலையிலிருந்து காணாமல் போகும்.
பார்ப்பதை நிறுத்தியதும் இல்லாமல் போகிற கட்டடம்.
குறைபாடு எண் இருநூற்று ஏழு.
இன்னும் திறந்தே கிடக்கிறது.

பாயான் லெப்பாஸ் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியபோது
பத்தொன்பது பேராகியிருந்தோம்.
நான்காம் பதிப்பு: பட்ட ஒளி திரும்பித் தெறிக்க வேண்டும்,
சிவப்புச் சுவரருகே நிற்பவனின்
வெள்ளைச் சட்டையில் சிவப்பு ஏற வேண்டும்.
அந்த எட்டு மாதம்
என் கண் என்னிடம் இல்லை.
நாசி கண்டார் கடையில் ஒரு ராத்திரி,
முக்காலியின் ஆரஞ்சு உன் கணுக்காலில் ஏறியிருக்கு
என்றேன் முகிலனிடம்.
அவன் வீட்டுக் கடனைப் பற்றிப்
பேசிக்கொண்டிருந்தான்.

வெளியிட்ட வாரம், ஏப்ரல்.
கீழ்த்தளக் காவலர் தேக் பகதூர்
உங்கள் விளையாட்டை இறக்கிவிட்டேன் என்று
கைபேசியை நீட்டினார்.
மூலையில் விரிசல் விழுந்த, எந்தக் காலத்துக் கருவியோ.
எங்கள் எஞ்சின் அதைத் தட்டிப் பார்த்து
ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்திருந்தது.
தெறிக்கும் ஒளி, இல்லை.
பிரதிபலிப்பு, இல்லை.
தீபாவளியைத் தின்ற நிழல், அதுவும் இல்லை.
நூறு மீட்டரில் மூடுபனி.
படகுத்துறையில் ஜனங்கள்,
ஆளுக்கொரு கறுப்பு வட்டம்.
பதினொரு வரியும் அப்படியே.

நல்லா இருக்கு, போன் சூடாகல, என்றார் மலாயில்.
படகு எப்போ வரும்?

வரும் என்றேன்.
நாற்பது வினாடிக்கு ஒருமுறை வரும்.

மதியம் ஒன்றேகால்.
அவருக்குப் பணி மாறும் நேரம், எனக்குப் பசி.
சேர்ந்து வெளியே வந்தோம்.
இந்தத் தீவில் இந்த மாதம் சூரியன்
நேர் உச்சந்தலையில் நிற்கும்.
சிமெண்டுத் தரையில் அவர் பூட்ஸைச் சுற்றி
ஒரு கறுப்பு வட்டம்.
என் செருப்பைச் சுற்றி ஒன்று.

விளிம்பு மட்டும்
என்னுடையதைவிடக் கொஞ்சம் மென்மை.