மூன்று புள்ளி நான்கு விழுக்காடும் ஐம்பது காசும்

இரவு பதினொன்றரை, உட்லண்ட்ஸ், ஒன்பதாவது மாடி.
குளியலறை வாசலில் ஏழு தொட்டி.
ஏழிலும் பாசி.
மடிக்கணினியில் ஓர் அட்டவணை,
அதில் என்னை வாங்கக் காத்திருக்கும் மூன்று நிறுவனங்கள்.

ஒரு பிடி பாசி ஆறு வெள்ளி.
முதல் நிறுவனம் கேட்பது
மூன்று புள்ளி நான்கு விழுக்காடும் ஐம்பது காசும்.
பெருக்கிக் கூட்டினால் எழுபது காசு.
வாசலில் மூன்றரைகூட இல்லை என்று எழுதியிருந்தது,
உள்ளே போனால் பன்னிரண்டு.

விழுக்காட்டின் மேல் எனக்குக் கோபமில்லை,
ஆளுக்குத் தக்கபடி அது குனியும்.
ஐம்பது காசு குனியாது.
அறுநூறு வெள்ளிக்குச் சோபா விற்கிறவனிடமும் ஐம்பது,
ஈரக் கையோடு நிற்கும் என்னிடமும் ஐம்பது.
சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்
என்று சொன்னவர்
அந்தக் காலத்திலேயே ஏதோ அட்டவணை போட்டிருக்கிறார்.

இரண்டாம் நிறுவனத்துக்கு ஐம்பது காசு வேண்டாம்.
மாதம் இருபத்தெட்டு வெள்ளி சந்தா,
விற்றாலும் விற்காவிட்டாலும்.
நாற்பத்தொன்பது பிடி விற்றால் இவன் நல்லவன்.
போன மாதம் விற்றது நாற்பத்தொன்று.

மூன்றாவது எல்லாரையும்விட மலிவு,
வெளிநாட்டு அட்டை வராதவரை.
வந்தால் இரண்டு விழுக்காடு தனி,
நாணயம் மாற்ற இன்னும் இரண்டு.
என் சன்னலில் தெரிகிற விளக்குகள் ஜொகூர்.
தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிற அமிருல்
ரயில் நிலைய வாசலில் கையோடு பாசி வாங்கிப் போகிறார்.
அவர் எனக்குப் பக்கத்து ஊர்,
அவர் அட்டை எனக்கு வெளிநாடு.

க்யூஆர் ஒட்டிவிட்டால் கட்டணமே இல்லையே என்கிறாள்
அலுவலகத்து ஹுய் மின்.
ஒட்டிப் பார்த்தேன்.
நடுச்சாமத்தில் தொட்டி முன்னால் உட்கார்ந்து
பாசி வாங்குகிறவர்கள்
அட்டையைத்தான் தட்டுகிறார்கள்.
வங்கிச் செயலியைத் திறக்கும் நேரத்தில்
இருப்பு கண்ணில் பட்டுவிடுகிறது.

பதினொன்று ஐம்பதுக்கு ஒரு மின்னஞ்சல்.
அட்டைக்காரர் இந்தச் செலவை மறுக்கிறார்.
தொகை ஆறு வெள்ளி.
விசாரணைக் கட்டணம் இருபது வெள்ளி,
வென்றாலும் தோற்றாலும்.

திரு டியோ, தோ பாயோ.
மாதம் ஒரு பிடி, இரண்டு வருடமாக.
அவருடைய சிவப்பு இறால்களை
எனக்குப் படத்தில் பழக்கம்.
விடிந்ததும் கூப்பிட்டேன்.
பாசி வந்தது, நன்றாக இருக்கிறது என்றார்.
மகள் சொன்னாளாம் பில்லைப் படித்துப் பார்க்க வேண்டுமென்று.
முதன்முறையாகப் படித்தாராம்.
"ஆனால் நான் கைப்பேசி எதுவும் பழுது பார்க்கவில்லையே?"

பில்லில் வருவது கடையின் பெயரல்ல,
பதிவு செய்த பெயர்.
மின்னல் மொபைல் ரிப்பேர்.
என் தம்பி இளஞ்சேரன் மார்சிலிங்கில் திறந்து
பதினோரு மாதத்தில் மூடியது.
புதிதாய்ப் பதிய வேண்டாம், செலவு மிச்சம் என்று
அந்தப் பெயருக்குள்ளேயே பாசி வளர்த்தேன்.
அவன் இப்போது கிடங்கில் இரவு வேலை,
அந்தக் கடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.
பேசாமலேயே அது
நாற்பத்தொரு பேர் பில்லில்
மாதாமாதம் அச்சாகியிருக்கிறது.

அட்டவணையில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்:
என் பெயர் வருமா?

முதல் நிறுவனத்தில் வருமாம்.
இருபத்திரண்டு எழுத்துக்கு இடமாம்.
பச்சைப்பிடி. ஆங்கிலத்தில் எழுதி
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்,
கொள்கிறது.
சரி, எடுத்துக்கொள் உன் ஐம்பது காசை.

திரு டியோ புகாரை விலக்கிக்கொண்டார்.
இருபது வெள்ளி திரும்பாது.
மத்தியானம் படம் ஒன்று அனுப்பியிருந்தார்:
இறாலின் வயிற்றடியில்
மஞ்சளாய், எண்ண முடியாத
முட்டைகள்.